பழைய கொரோலா: லீற்றருக்கு 7 கிலோமீற்றர், எந்நேரமும் பெற்றோல் மணம். எங்கே பார்ப்பது?

உவர்மலை70:
வணக்கம். என்னிடம் இருப்பது டொயோட்டா கொரோலா கேஈ70. 4கே எஞ்சின், 1290 சிசி, காபரேட்டர், கையால் இழுக்கும் சோக் (குளிர்ந்த எஞ்சினை ஸ்டார்ட் பண்ணக் காற்றைக் குறைப்பது). அப்பா ஓட்டிய கார், விற்க மனமில்லை.

முன்பு திருகோணமலை டவுனுக்குள் லீற்றருக்கு 10 கிலோமீற்றர் ஓடும். கந்தளாய்ப் பக்கம் போனால் 13 வரை வரும். இப்போது டவுனுக்குள் 7-ஐத் தாண்டுவதே இல்லை. கூடவே பெற்றோல் மணம். ஓடி வந்து நிறுத்தியதும் மணம் கூடுகிறது. கீழே குனிந்து பார்த்தால் நிலத்தில் ஒரு சொட்டும் இல்லை. கராஜில் காட்டும்போதெல்லாம் காபரேட்டர் ஸ்குரூவைத் திருகித் தருகிறார்கள். கொஞ்ச நாள் நன்றாக இருப்பது போலத் தெரியும், அப்புறம் பழைய கதைதான்.

2022 பெற்றோல் வரிசைக் காலத்தில் கார் பல மாதம் ஓடாமல் நின்றது. பிறகுதான் இது தொடங்கியது. சீனன்குடாவில் வெள்ளைக்காரன் கட்டிய 99 எண்ணெய்த் தாங்கிகள் நிற்கிற ஊரில் இருந்துகொண்டு, என்னால் ஒரு தாங்கியைச் சமாளிக்க முடியவில்லை. யாராவது வழி சொல்லுங்கள்.

கிண்ணியா வேன்காரன்:
தம்பி, முதலில் காரை மூடிய கராஜுக்குள் விட வேண்டாம். பெற்றோல் ஆவி காற்றை விடக் கனமானது, தரையோடு படுத்துக் கிடக்கும். மைனஸ் 40 பாகையிலேயே தீப்பிடிக்கக்கூடிய சாமான் அது. வெளியே காற்றில் நிறுத்துங்கள். இரவில் பார்ப்பதென்றால் டோர்ச் மட்டும், வயர் இழுத்த பல்பு வேண்டாம்.

மூன்று விஷயம் பார்த்துச் சொல்லுங்கள். பிளக் கழற்றினால் என்ன நிறம்? சோக்கை உள்ளே தள்ளியதும் காபரேட்டர் வாயில் உள்ள தகடு முழுக்கத் திறக்கிறதா? எஞ்சின் ஒயில் குச்சியை இழுத்து மணந்து பார்த்தீர்களா?

கந்தளாய் றைடர்:
இப்போது வருகிற பெற்றோலில்தான் பிழை. ஒக்டேன் 95 பெற்றோல் அடித்துப் பாருங்கள். இல்லையென்றால் ஒரு எலெக்ட்ரிக் பம்ப் பூட்டிவிடுங்கள், வேலை முடிந்தது.

பழைய ஸ்பானர்:
95-க்கு மாறுவதால் இந்தக் காருக்கு ஒன்றும் வராது. 4கே எஞ்சினுக்கு 92 தாராளம். ஒக்டேன் என்பது முன்கூட்டி வெடிக்காமல் தாங்குகிற அளவு, கூட மைல் ஓட வைக்கிற மருந்து கிடையாது.

எலெக்ட்ரிக் பம்ப் விஷயத்தில் கவனம். காபரேட்டர் வண்டிக்கு 2 முதல் 4 பிஎஸ்ஐ அழுத்தம் போதும். இன்ஜெக்ஷன் வண்டியில் கழற்றிய பம்ப் அதைப் போலப் பத்து மடங்கு தள்ளும். அதைப் பூட்டினால் காபரேட்டருக்குள் பெற்றோல் வரத்தை அடைக்கும் ஊசி வால்வு தாங்காது, பெற்றோல் மேலால் வழியும். சூடான சைலன்சர் மெனிபோல்ட் பக்கத்தில்தானே இருக்கிறது. மற்றதை நீங்களே யோசியுங்கள்.

கிண்ணியாக்காரர் கேட்ட மூன்றுக்கும் பதில் வரட்டும், பிறகு பேசுவோம்.

உவர்மலை70:
நன்றி நானா, நன்றி ஐயா. பார்த்துவிட்டேன். பிளக் நான்கும் கரி பிடித்துக் கறுப்பு, ஈரம் இல்லை. சோக் தகடு முழுக்கத் திறக்கவில்லை, கொஞ்சம் சரிந்து நிற்கிறது. ஒயில் குச்சிதான் பயமுறுத்துகிறது. ஒயில் எஃப் (நிறைவு) கோட்டுக்கு மேலே நிற்கிறது, நான் இடையில் ஊற்றவே இல்லை. தண்ணீர் போல ஓடுகிறது, மணந்தால் பெற்றோல்.

பழைய ஸ்பானர்:
அப்படியென்றால் இனி ஸ்டார்ட் பண்ண வேண்டாம். நிலத்தில் சொட்டு விழாததன் காரணம் அதுதான், பெற்றோல் எஞ்சினுக்குள்ளேயே ஒழுகுகிறது.

இந்த எஞ்சினில் பெற்றோல் பம்ப் எஞ்சின் பக்கவாட்டில் பூட்டியிருக்கும். கேம் ஷாப்ட் அதன் கையைத் தள்ளத் தள்ள, உள்ளே ஒரு ரப்பர் டயபிரம் மேலும் கீழும் போய்ப் பெற்றோலை இழுக்கும். டயபிரத்துக்கு ஒரு பக்கம் பெற்றோல், மறுபக்கம் எஞ்சின் ஒயில். ரப்பர் கிழிந்தால் பெற்றோல் நேரே எஞ்சின் அடியில் ஒயில் நிற்கும் சம்புக்குள் இறங்கும். மாதக்கணக்கில் பெற்றோல் காய்ந்து நின்ற வண்டிகளில் இந்த ரப்பர் விறைத்துப்போய், ஓடத் தொடங்கியதும் வெடிப்பது வழக்கம். உங்கள் 2022 கதை அதற்குப் பொருந்துகிறது.

ஒயில் நீர்த்துப்போனால் பெயரிங் தேயும். சம்புக்குள் ஆவி நிறைவது அதைவிட ஆபத்து. பம்பை மாற்றுங்கள், ஒயிலும் ஒயில் பில்டரும் அன்றே மாற்றுங்கள். பம்புக்கும் எஞ்சினுக்கும் நடுவே உள்ள தடித்த துண்டை எறிந்துவிடாதீர்கள். அதன் தடிப்பு மாறினால் பம்ப் கை போய்வருகிற அளவும் மாறும்.

காபரேட்டர் ஸ்குரூவை இனி யாரையும் தொட விடாதீர்கள். அது எஞ்சின் சும்மா நின்று ஓடும்போது உள்ள கலவைக்குத்தான். ரோட்டில் ஓடும்போது குடிக்கிற பெற்றோலை அதனால் குறைக்க முடியாது. பிளக் கறுத்தால் கலவையில் பெற்றோல் கூடிவிட்டது என்று அர்த்தம், அதற்கு முதல் சந்தேகம் உங்கள் சோக் கேபிள். உப்புக் காற்றில் உள்கம்பி துருப்பிடித்து இறுகும், பாதியில் நிற்கும். அதைச் சரிசெய்த பிறகும் கறுத்தால், காபரேட்டருக்குள் பெற்றோல் அளவைக் கட்டுப்படுத்தும் மிதவையின் மட்டத்தைப் பாருங்கள். இந்தக் காபரேட்டரின் பக்கத்தில் சின்னக் கண்ணாடி இருக்கும். எஞ்சின் ஓடும்போது பெற்றோல் அதன் நடுவில் நிற்க வேண்டும். மேலே ஏறி நின்றால் ஊசி வால்வு தேய்ந்திருக்கும், இல்லையென்றால் மிதவை ஓட்டையாகி உள்ளே பெற்றோல் புகுந்திருக்கும். கழற்றிக் காதருகே ஆட்டினால் சத்தம் கேட்கும்.

நிலாவெளி ரோட்:
ஒன்று விட்டுப்போச்சு. எஞ்சின் சூடேறும் வரை ரேடியேட்டர் தண்ணீரைத் தடுத்து வைக்கும் தேர்மோஸ்டாட் இருக்கிறதா? இங்கே அனேகமான கராஜ்களில் "ஊர் சூடுதானே" என்று கழற்றி எறிந்துவிடுவார்கள். அது இல்லாவிட்டால் எஞ்சின் சூடேற நேரம் எடுக்கும். நாமும் சோக்கை இழுத்தபடியே ஓடுவோம், ஒயிலுக்குள் போன பெற்றோலும் ஆவியாகாமல் தங்கும். கச்சேரியடி, மார்க்கெட், பிள்ளையின் ஸ்கூல் என்று குட்டி ஓட்டம் மட்டும் ஓடுகிற காருக்கு இது பெரிய செலவு. டெம்பரேச்சர் முள் எழும்பவே இல்லையென்றால் சந்தேகப்படுங்கள்.

உவர்மலை70:
எல்லோருக்கும் நன்றி. புதுப் பம்ப் பூட்டியாயிற்று. பழையதைப் பிரித்தபோது டயபிரம் மடிப்பில் நீளமாக வெடிப்பு. ஒயில் மாற்றினேன், சோக்குக்குப் புதுக் கேபிள் போட்டேன், தேர்மோஸ்டாட் இருந்த இடம் வெறுமையாகத்தான் இருந்தது, அதற்கும் ஒன்று வாங்கினேன். ஒரே பெற்றோல் செட்டில், அங்கே ஒரே பம்பில் டாங்கி நிறைத்து, கந்தளாய் போய்வந்து, திரும்ப நிறைத்துக் கணக்குப் பார்த்தேன். 12 வருகிறது. ஒயில் மட்டம் அசையவில்லை.

ஆனால் டாங்கி நிறைய அடித்தால் இன்னும் டிக்கிக்குள் மணம் வருகிறது. பாதியாகக் குறைந்ததும் போய்விடுகிறது.

கிண்ணியா வேன்காரன்:
நிறைந்தால் மட்டும் மணம் என்றால் ஒழுக்கு மேலேதான். பெற்றோல் ஊற்றுகிற வாயிலிருந்து டாங்கிக்குப் போகும் தடித்த ரப்பர் ஹோஸ், பக்கத்தில் உள்ள மெல்லிய காற்றுக் குழாய், இரண்டையும் விரலால் வளைத்துப் பாருங்கள். பாம்புத் தோல் போல வெடிப்புத் தெரிந்தால் மாற்றுங்கள். கடையில் பெற்றோலுக்கான ஹோஸ் என்று கேட்டு வாங்குங்கள். தண்ணீர்க் குழாயும் வெள்ளைப் பிளாஸ்டிக் குழாயும் பெற்றோலுக்குத் தாங்காது.

அப்படியே காரின் அடியில் போகும் இரும்புப் பெற்றோல் குழாயையும் பாருங்கள். கிளிப் பிடித்திருக்கும் இடத்தில் உப்பும் சேறும் தங்கித் துரு அங்கேதான் தொடங்கும். நல்ல தண்ணீரால் கழுவிவிட்டுப் பாருங்கள்.

கந்தளாய் றைடர்:
டாங்கியில் பொட்டு ஓட்டை இருந்தால் சவர்க்காரக் கட்டியைத் தேய்த்துவிடுங்கள், நிற்கும். என் லொறியில் செய்திருக்கிறேன்.

பழைய ஸ்பானர்:
வீடு வந்து சேரும் வரை நிற்கும், அதற்கு மேல் நம்ப வேண்டாம். டாங்கியைக் கழற்ற வேண்டி வந்தால், வெறும் டாங்கிதானே என்று வெல்டிங் பிடிக்க யாருக்கும் கொடுத்துவிடாதீர்கள். நிறைந்த டாங்கியை விட ஆவி நிற்கிற வெறும் டாங்கிதான் வெடிக்கும். ரேடியேட்டர் வேலை செய்கிற இடத்தில், நன்றாகக் கழுவி ஆவி போக்கிய பிறகு ஈயம் வைத்து ஒட்டக் கேளுங்கள்.

உவர்மலை70:
ஹோஸ்தான் ஐயா, வளைத்ததும் வாய் பிளந்தது. இங்கே அந்த வளைவில் கிடைக்கவில்லை. கொழும்புக்குப் போகும் ஒருவரிடம் பஞ்சிகாவத்தை உதிரிப்பாகக் கடைகளில் பார்க்கச் சொல்லலாமா?

பழைய ஸ்பானர்:
சொல்லலாம். பழையதையே கையில் கொடுத்துவிடுங்கள். உள்விட்டமும் வளைவும் ஒத்துப்போக வேண்டும், மொடல் பெயரைச் சொன்னால் கடைக்காரர் வேறொன்றைக் கட்டிவிடுவார். புதுக் கிளிப்பும் சேர்த்து வாங்கச் சொல்லுங்கள். அது வரும்வரை பாதி டாங்கிக்கு மேல் அடிக்க வேண்டாம்.