அப்பத்தாவின் நினைவு மலரில் எதை எழுதுவது?

பாம்பன்காரன் எழுதியது:

எங்கள் அப்பத்தா போன வாரம் தவறிவிட்டது. 92 வயது. வருகிற ஞாயிற்றுக்கிழமை பதினாறாம் நாள் காரியம். அன்றைக்கே படத்திறப்பு வைத்து, நாலு பக்கத்தில் ஒரு நினைவு மலர் அடித்து வருகிறவர்களுக்குக் கொடுக்கலாம் என்று வீட்டில் பேச்சு. எழுதுகிற வேலையை நான்தான் ஆசைப்பட்டு வாங்கிக்கொண்டேன். இப்போது எதை எழுதுவது, எதை விடுவது என்று தெரியாமல் உட்கார்ந்திருக்கிறேன்.

ஐயா, அதாவது அப்பத்தாவின் வீட்டுக்காரர், 1950-ல் பெங்களூர் போய் ராணுவப் பொறியாளர் பிரிவான மெட்ராஸ் சாப்பர்ஸில் சேர்ந்தவர். 1974-ல் ஹவில்தாராக ஊர் திரும்பினார், 1996-ல் இறந்துவிட்டார். அந்த 24 வருஷத்தில் அப்பத்தா அவரோடு குவார்ட்டர்ஸில் இருந்தது எல்லாம் சேர்த்து மூன்று வருஷம். மற்றபடி பாம்பன்தான். ஓலை வீடு, மாமியார், மூன்று பிள்ளைகள், பத்துத் தென்னை, மாதம் பிறந்தால் மணியார்டர். ஃப்ளெக்ஸில் "ராணுவ வீரரின் மனைவி, ராணுவ வீரரின் தாய்" என்று போட்டிருக்கிறார்கள். தப்பு ஒன்றும் இல்லை, ஆனால் அதைப் பார்த்ததும் இதில் அப்பத்தா எங்கே என்று எனக்கு அழுகை வந்துவிட்டது.

நேற்று ஐயாவின் கறுப்பு ட்ரங்குப் பெட்டியைத் திறந்தோம். மேலே வெள்ளைப் பெயிண்டில் அவர் பட்டாள நம்பர் இன்னும் அழியவில்லை. உள்ளே ஒரு கட்டு இன்லண்ட் லெட்டர். அதில் ஒன்று 1964 டிசம்பர் புயலுக்குப் பிறகு போனது. 22-ம் தேதி ராத்திரி தனுஷ்கோடி போச்சு, பாசஞ்சர் ரயில் ஆட்களோடு போச்சு, பாம்பன் பாலமும் போச்சு, தீவுக்கு உள்ளேயிருந்து ஒரு தகவலும் வெளியே போக வழியில்லை. வடக்கே இருந்த ஐயாவுக்கு ரேடியோவில் கேட்ட செய்தி மட்டும்தான். அப்பத்தாவுக்கு எழுதப் படிக்கத் தெரியாது, தெருவில் இருந்த வாத்தியாரிடம் சொல்லி எழுத வைத்திருக்கிறது: "நாங்கள் எல்லோரும் சுகம். கூரை போய்விட்டது. ஆடு இரண்டு போய்விட்டது. அத்தை சுகம். நீங்கள் நேரத்துக்குச் சாப்பிடவும்." அவ்வளவுதான் கடிதம். நாலு மூலையிலும் மஞ்சள் தடவியிருக்கிறது. கூரை இல்லாத வீட்டில் மஞ்சளைத் தேடி எடுத்துத் தடவியிருக்கிறது, பிரிக்கும் முன்னாலேயே நல்ல சேதி என்று அவருக்குத் தெரியட்டும் என்று. அது போய்ச் சேர ஒரு மாதத்துக்கு மேல் ஆனதாம். "சண்டையில்கூட நான் அப்படிப் பயந்ததில்லை" என்று ஐயா என் சின்ன வயதில் சொல்லிக் கேட்டிருக்கிறேன். அந்த ஒரு மாதம் காத்துக்கிடந்தது அவர்தான்.

இன்னொன்றுதான் சிக்கல். எங்கள் சித்தப்பாவும் பட்டாளம். 1988-ல் இலங்கைக்குப் போன இந்திய அமைதிப்படையோடு யாழ்ப்பாணம் போனவர், காலில் குண்டுச் சிதறலோடு 1990-ல் திரும்பினார். அவர் வந்த சில மாதத்தில் அங்கே மறுபடி சண்டை மூண்டு, ராமேசுவரம் கரையில் இலங்கைத் தமிழ் ஜனங்கள் அகதிகளாகப் படகு படகாக வந்து இறங்கினார்கள். அப்பத்தா தினமும் ஒரு பானைக் கஞ்சியும் நார்த்தங்காய் ஊறுகாயும் எடுத்துக்கொண்டு பஸ் பிடித்துப் போய் ஊற்றிவிட்டு வரும். வீட்டில் மகன் நொண்டிக்கொண்டு நடக்கிறான், இது அங்கே போகிறது. அக்கம்பக்கத்தில் சிலர் முகத்துக்கு நேராகவே கேட்டார்களாம். இதை எழுதக்கூடாது என்கிறார் சித்தப்பா. எனக்கு எழுதாமல் இருக்க மனசு வரவில்லை. என்ன செய்யலாம்?

கமுதி மருமகள்:

தம்பி, ஆழ்ந்த இரங்கல். என் வீட்டுக்காரரும் பட்டாளத்தில் 22 வருஷம் இருந்தவர். "கணவருக்காகக் காத்திருந்தார்" என்று மட்டும் எழுதிவிடாதீர்கள். காத்திருக்க எங்களுக்கு நேரம் ஏது? மாமியாருக்கு ஆஸ்பத்திரி, பிள்ளைக்குப் பள்ளிக்கூடம், எல்லைக்கல்லைத் தள்ளி நடுகிற பங்காளி, எல்லாவற்றுக்கும் நாங்கள்தான் போய் நிற்க வேண்டும். என் மூத்தவன் இரண்டு வயதில் அப்பாவை முதல் தடவை பார்த்துவிட்டு அண்டாவுக்குப் பின்னால் போய் ஒளிந்துகொண்டான். அவர் பெட்டியை வைத்துவிட்டுத் தரையில் உட்கார்ந்து பூட்ஸைக் கழற்றிக்கொண்டே இருந்தார், கழற்றி முடிக்கவே இல்லை. அன்றைக்கு இருவரையும் சேர்த்துவைத்தது யார்? அதுமாதிரி உங்கள் அப்பத்தா என்னென்ன செய்தார் என்று உங்கள் அத்தைமாரிடம் கேளுங்கள்.

கஞ்சி விஷயம் சித்தப்பாவின் காயமும் சேர்ந்தது. அவர் சம்மதம் இல்லாமல் அச்சில் போடாதீர்கள். ஆனால் ஒருதரம் அவர் பக்கத்தில் உட்கார்ந்து, வேறு யாரும் இல்லாதபோது கேட்டுப் பாருங்கள்.

பழைய தாள்:

பாம்பன் பாலத்தைப் பின்னால் ரயில்வே இன்ஜினியர் ஸ்ரீதரன் பொறுப்பில் 46 நாளில் சரிசெய்தார்கள். அதற்கு முன்னால் போன கடிதம் என்றால் எப்படியோ படகில்தான் கடந்திருக்கும். தயவுசெய்து அதை லேமினேஷன் செய்துவிடாதீர்கள், மஞ்சளும் மையும் நாளடைவில் கெட்டுவிடும். செல்லோடேப்பும் வேண்டாம். வெயில் நேரே படாத வெளிச்சத்தில் விரித்துவைத்து இரண்டு பக்கமும் போட்டோ எடுங்கள், அப்புறம் துவைத்த பருத்தித் துணியில் சுற்றி வையுங்கள். கடல் காற்றுக்குப் பிளாஸ்டிக் பை உள்ளே வியர்த்துவிடும்.

ஐயா எந்தப் பக்கம் இருந்தார் என்று தெரியவில்லை என்றால் மெடல்களைத் தேடுங்கள். பூர்வி ஸ்டார் இருந்தால் 1971 பாகிஸ்தான் சண்டையில் கிழக்கே, பஸ்சிமி ஸ்டார் என்றால் மேற்கே. டிஸ்சார்ஜ் புத்தகத்திலும் இருக்கும்.

தொண்டி ராசா:

கேட்காததைச் சொல்கிறேன், மன்னிக்கவும். இறப்புச் சான்றிதழ் வாங்கியதும் குடும்ப ஓய்வூதியத்தை நிறுத்தச் சொல்லி உடனே எழுதிக் கொடுத்துவிடுங்கள். தெரியாமல் ஏறுகிற பணத்தைப் பிறகு திருப்பிக் கேட்பார்கள். இன்னொன்று, 80 முடிந்தால் 20 சதவீதமும் 90 முடிந்தால் 40 சதவீதமும் கூடுதலாக வர வேண்டும், அப்பத்தாவுக்கு வந்ததா என்று பாஸ்புக்கைப் பாருங்கள். என் அம்மாவுக்குப் பென்ஷன் ஆர்டரில் பிறந்த தேதியே இல்லை, அதற்காக நாலு வருஷம் அலைந்தோம். வர வேண்டிய பாக்கி இருந்தால் வாரிசுகள் கேட்கலாம்.

பாம்பன்காரன்:

எல்லோருக்கும் நன்றி. ராசா அண்ணே, பாஸ்புக்கில் சரியாக வந்திருக்கிறது. கமுதி அக்கா, நேற்று ராத்திரி திண்ணையில் சித்தப்பாவிடம் இதை அப்படியே வாசித்துக் காட்டினேன். ரொம்ப நேரம் காலைத் தடவிக்கொண்டே இருந்தார். "அந்தப் பானையைச் சைக்கிளில் பஸ் ஸ்டாண்டு வரைக்கும் கொண்டுபோய்க் கொடுத்தது யாரென்று நினைத்தாய்?" என்றார். எனக்குப் பேச்சே வரவில்லை. "அம்மா கஞ்சி ஊற்றினதை எழுது, என் காலைப் பற்றி எழுதாதே" என்று சொல்லிவிட்டு உள்ளே போய்விட்டார். அப்படியே எழுதிக் கொடுத்துவிட்டேன். அட்டையில் போட்டோவுக்குப் பதிலாக அந்த இன்லண்ட் லெட்டரைப் போடச் சொல்லியிருக்கிறேன். மஞ்சள் அச்சில் தெரியுமா என்று பிரஸ்காரர் நாளைக்குப் பார்த்துச் சொல்கிறேன் என்றார்.