ஜூரோங் பாறைக்குகையில் நடக்கும் நாவல்: அச்சுக்குப் போகுமுன் என்னென்ன பார்க்க வேண்டும்?

நிலவறைவாசி (கேள்வி):
முதல் நாவல், அறிவியல் புனைவு. காலம் 2090. சிங்கப்பூரின் ஜூரோங் தீவுக்கு அடியில் இருக்கும் எண்ணெய்க் குகைகளைக் காலி செய்து மக்களைக் குடிவைக்கிறார்கள். 60,000 சொல், முதல் வரைவு முடிந்தது. மாதிரிக்கு இரண்டு அத்தியாயம் இணைத்திருக்கிறேன். அறிவியல் எங்கே இடிக்கிறது? சென்னையில் அச்சடித்தால் எதில் கவனம் வேண்டும்? ஐஎஸ்பிஎன் (நூலுக்கான தனி எண்), மானியம், எது முதலில்?

பாறைப்பல்லி:
குகைகள் 2014இல் திறந்தவை, 130 மீட்டர் ஆழம், ஒன்பது மாடி உயரம். இதெல்லாம் சரியாகவே வந்திருக்கிறது. ஆனால் அங்கே எண்ணெய் ஏன் கசியாமல் நிற்கிறது என்பதை விட்டுவிட்டீர்கள். குகைக்கு மேலே பாறையில் துளையிட்டுத் தண்ணீரை அழுத்திக்கொண்டே இருப்பார்கள். நீர்த்திரை என்பது அதுதான். பாறை விரிசலில் இருக்கும் நீரின் அழுத்தம் குகைக்குள் இருப்பதைவிட அதிகம். ஆகவே எண்ணெய் வெளியே போகாது, தண்ணீர்தான் உள்ளே ஊறும். ஊறுவதை பம்பு இறைக்கும். எண்ணெயை எடுத்துவிட்டு ஆளைக் குடிவைத்தாலும், நீர்த்திரையையே நிறுத்தினாலும், தலைக்கு மேலே கடல் இருக்கிறதே! அந்த ஆழத்தில் நீரழுத்தம் கிட்டத்தட்ட 13 வளிமண்டலம். உங்கள் கதையில் சுவர் காய்ந்து கிடக்கிறது, பையன் சாக்பீஸால் படம் வரைகிறான். ஈரப் பாறையில் சாக்பீஸ் பிடிக்காது. இரண்டாம் அத்தியாயத்தில் வெடிகுண்டோடு வருகிற வில்லனும் தேவையில்லை. மின்சாரம் போனால் பம்பு நிற்கும், அந்தப் பயம் போதும்.

செவ்வாய்க் கோளில் இருக்கும் அக்காவோடு கதாநாயகன் சண்டை போடும் காட்சியும் நடக்காது. ஒளி அங்கே போய்ச்சேரவே 3 முதல் 22 நிமிடம். ‘ஏன் வரல?’ என்று கேட்டால் பதில் காதில் விழ, மிக நெருங்கிய நாளிலும் 6 நிமிடம். குரல் கடிதமாக மாற்றுங்கள். அவள் பதில் வருவதற்குள் இவன் இரண்டாவது கடிதம் அனுப்பித் தொலைத்திருப்பான். சண்டை இன்னும் கசப்பாகும்.

மொழியில் ஒன்றே ஒன்று. ‘அவன் செயற்கை உயிர்வளி உற்பத்திச் சாதனத்தின் அழுத்தமானியை நோக்கினான்’ என்று எழுதியிருக்கிறீர்கள். அங்கேயே பிறந்து வளர்ந்தவன் அதை அப்படியா நினைப்பான்? ‘மானியில் முள் இரண்டு கோடு இறங்கியிருந்தது. பேச்சை நிறுத்திவிட்டு மூக்கால் மட்டும் மூச்சு விட்டான்.’ அவ்வளவுதான். 2090இல் வீவக (அரசு அடுக்குமாடி வீடு), புளோக் என்று சொல்வார்களா என்று கவலைப்பட வேண்டாம், தாத்தா பாத்திரம் சொல்லட்டும்.

ஒற்றுப்பிழை:
அச்சு விஷயம். டெம்மி என்ற புத்தக அளவில் பக்கத்துக்கு 225 சொல் என்று வைத்தால் 267 பக்கம். பாரம் (ஒரே தாளில் அச்சடித்து மடிக்கும் தொகுதி) 16 பக்கம், ஆகவே 17 பாரம், 272 பக்கம். 70 ஜிஎஸ்எம் (சதுர மீட்டருக்கு 70 கிராம்) தாளில் புத்தகத்தின் முதுகு 13 மில்லிமீட்டர் வாக்கில் வரும். அட்டையை முடிக்குமுன் அச்சகத்திலிருந்து அதே தாளில் வெற்று மாதிரி ஒன்று வாங்கி அளந்துவிடுங்கள், தாளுக்குத் தாள் தடிமன் மாறும்.

யூனிகோடில் தந்தாலும் பக்கம் வடிவமைக்கும் சில டிடிபி கடைகள் பழைய எழுத்துருவுக்கு மாற்றித்தான் பக்கம் கட்டுகின்றன. அந்த எழுத்துருக்களில் ரோமன் எழுத்து, டிகிரிக் குறி போன்றவற்றின் இடத்தில் தமிழ் எழுத்துகள் உட்கார்ந்திருக்கும். உங்கள் ‘38 டிகிரி’ குறியோடு இருந்தால் அங்கே சம்பந்தமில்லாத ஓர் எழுத்து முளைக்கும். அறிவியல் கதையில் இது பக்கத்துக்குப் பக்கம் நடக்கும். இன்டிசைன் என்ற பக்க வடிவமைப்பு மென்பொருளில் யூனிகோடாகவே கட்டச் சொல்லுங்கள். அதிலும் வேர்ல்ட்-ரெடி கம்போசர் என்ற அமைப்பைத் தேர்ந்தெடுக்காவிட்டால் ‘கொ’வில் கொம்பு க-வுக்கு முன்னால் போகாமல் பின்னால் தொங்கும். கடைசி மெய்ப்பை அச்சுக்குப் போகும் பிடிஎஃபிலேயே பாருங்கள், வேர்டில் பார்த்துப் பயனில்லை. வரி மெய்யெழுத்தில் தொடங்குகிறதா என்றும் ஓர் ஓட்டம் பாருங்கள். எந்த மென்பொருளும் அதைத் தானாகத் திருத்தி நான் பார்த்ததில்லை.

கணக்கப்பிள்ளை:
முதலில் மானியம். அச்சடித்துவிட்டு சிங்கப்பூர் தேசிய கலைகள் மன்றத்திடம் போனால் நடந்து முடிந்த வேலைக்குத் தரமாட்டார்கள். அச்சகத்தின் விலைப்புள்ளியை எழுத்தில் வாங்கி விண்ணப்பித்துவிட்டு, முடிவு வந்தபின் முன்பணம் கட்டுங்கள். தங்கமுனை விருது என்ற எழுத்துப் போட்டி சிறுகதைக்கும் கவிதைக்கும்தான், நாவலுக்கு இல்லை.

சென்னைக்காரர் பதிப்பாளரா, வெறும் அச்சகமா என்று தெளிவாகப் பேசுங்கள். பதிப்பாளர் என்றால் இந்திய ஐஎஸ்பிஎன் அவர் பெயரில் வரும். மின்னூல், ஒலிநூல் உரிமையை ஒப்பந்தத்தில் தனித்தனியாக எழுதி, எத்தனை ஆண்டுக்கு என்றும் போடுங்கள். அச்சகம் மட்டும் என்றால் பதிப்பாளர் நீங்கள். சிங்கப்பூர் தேசிய நூலக வாரியத்திடம் 978-981 என்று தொடங்கும் ஐஎஸ்பிஎன்னை இலவசமாகவே வாங்கலாம். மின்னூலுக்குத் தனி எண். வெளியான நான்கு வாரத்துக்குள் வாரியத்துக்கு இரண்டு பிரதி தரவேண்டும்.

272 பக்கம் என்றால் பிரதி 300 கிராமுக்கு மேல். 300 பிரதி ஏறத்தாழ 100 கிலோ. சிங்கப்பூருக்குக் கப்பலில் வந்தால் மதிப்பு எவ்வளவானாலும் 9 சதவீத ஜிஎஸ்டி உண்டு. அமேசானின் சுயபதிப்புத் தளமான கேடிபியில் தமிழ் மின்னூல் போடலாம், தமிழ்க் காகிதப் பதிப்பு முடியாது.

நிலவறைவாசி:
நன்றி. பம்பு நின்றால் எவ்வளவு நேரத்தில் நிரம்பும் என்று எழுதலாம்?

பாறைப்பல்லி:
குகை பெரியது, நல்ல பாறையில் ஊற்று மெதுவாகத்தான் வரும். மணிக்கணக்கில் முங்காது. நாள்கணக்கில் தரை நனையும், பிறகு கணுக்கால். அதற்கு முன்பே காற்றோட்ட விசிறியும் நின்றிருக்கும், ஆகவே காற்று கெட்டு உங்கள் கதாநாயகனுக்கு முதலில் தலைதான் வலிக்கும்.