இயற்கணிதக் கோவைக்கும் சமன்பாட்டுக்கும் என்னதான் வித்தியாசம்?

அஸ்தம்பட்டி அம்மா: பையன் எட்டாம் வகுப்பு. ‘3எக்ஸ் + 6, காரணிப்படுத்துக’ (அதாவது பெருக்கல் வடிவில் எழுதுக) என்ற கணக்குக்கு எக்ஸ் = −2 என்று எழுதி மார்க் போய்விட்டது. விடை வந்துவிட்டதே, எது தப்பு என்கிறான்.

மலைப்பாதை: ஏற்காட்டுக்குச் சேலத்திலிருந்து ஏறினால் 20 கொண்டை ஊசி வளைவு இல்லையா, அதில் எக்ஸ் வளைவு தாண்டியிருந்தால் மீதி 20 − எக்ஸ். இது கோவை, பஸ் ஏற ஏற மதிப்பு மாறிக்கொண்டே இருக்கும், தீர்க்க எதுவும் இல்லை. கண்டக்டர் ‘இன்னும் 8 இருக்கு’ என்றால் 20 − எக்ஸ் = 8, இப்போதுதான் சமன்பாடு, எக்ஸ் 12. (தலைசுற்றுகிறவர்கள் கீழே வந்து கணக்குப் போடவும்.)

சுண்ணாம்புக்கட்டி: கணக்கில் கேட்காத ‘= 0’ஐப் பையன் தானாகச் சேர்த்திருப்பான், நோட்டைப் பாருங்கள். விடை 3(எக்ஸ் + 2), அதோடு நிறுத்த வேண்டும். இன்னொரு தப்பும் செய்வார்கள், 3 ஆல் வகுத்து எக்ஸ் + 2 என்று முடிப்பது. சமன்பாட்டில் இரண்டு பக்கமும் வகுக்கலாம், கோவையை வகுத்தால் மதிப்பே மாறிவிடும்.

அஸ்தம்பட்டி அம்மா: ஆமாங்க, ‘= 0’ இருக்கிறது! அப்போ 3எக்ஸ் + 6 = 3(எக்ஸ் + 2) என்பதும் சமன்பாடுதானா?

சுண்ணாம்புக்கட்டி: சமக்குறி இருக்கிறது, சரி. ஆனால் எக்ஸுக்கு எந்த எண்ணைப் போட்டாலும் பொருந்துமே, அதனால் அதை முற்றொருமை என்போம்.