புதுப்பிப்பு: தூக்கிக்கொண்ட ஸ்பாய்லரை மறுபடி ஒட்டிவிட்டேன்

பொள்ளாச்சியில் வீட்டு வாசலிலேயே என் காருக்கு ஒட்டிய பின்பக்க ஸ்பாய்லரின் (டிக்கிப் பக்கம் பொருத்தும் இறக்கை போன்ற பட்டை) இடது முனை நான்கே நாளில் தூக்கிக்கொண்டது என்று முன்பு எழுதியிருந்தேன். கழற்றிப் பார்த்தபோது, இருபக்க டேப்பின் பசையில் செம்மண் தூசி மாவு தூவியதுபோல் படிந்திருந்தது. பாலக்காட்டுக் கணவாய் வழியாக வீசும் ஆடிக் காற்றில், திறந்த வாசலில் வேலை செய்ததே என் பிழை.

இம்முறை தேங்காய்க் குடோனுக்குள் வண்டியை நிறுத்தி, பழைய பசையைத் தூண்டில் நரம்பால் அறுத்தெடுத்து, ஐசோபுரொப்பைல் ஆல்கஹாலும் தண்ணீரும் சரிபாதி கலந்து பெயின்ட்டைத் துடைத்து, புதிய டேப்பை முனை முதல் முனை வரை அழுத்தி ஒட்டினேன். அக்ரிலிக் பசை கொண்ட இந்த டேப் முழுப் பிடிப்பை அடைய ஏறத்தாழ 72 மணி நேரம் ஆகும் என்பதால், மூன்று நாள் வண்டியை எடுக்கவும் இல்லை, கழுவவும் இல்லை. துளையிட்டுத் திருகச் சொன்ன நண்பர்களின் அக்கறைக்கு நன்றி. தகடு துருப்பிடிக்கும் என்று அஞ்சியே அதைத் தவிர்த்தேன். நேற்று உடுமலை வரை போய் வந்து தொட்டுப் பார்த்தேன். அந்த இடது முனையில் நகம்கூட நுழையவில்லை.