ஃபர்ஸ்ட் பெர்சன் விளையாட்டில் நிலைக்காட்டிகளை முழுவதுமாக நீக்கிவிடலாமா?

நிலவறை (கேள்வி)

அனைவருக்கும் வணக்கம். கைவிடப்பட்ட நிலக்கரிச் சுரங்கத்தில் சிக்கிக்கொண்ட ஒருவர் வெளியேற வழி தேடுவதைக் கருவாகக் கொண்ட ஃபர்ஸ்ட் பெர்சன் (நாயகனின் கண்வழியே பார்க்கும்) திகில் விளையாட்டு ஒன்றை நானும் நண்பர்கள் இருவரும் யூனிட்டி என்ற விளையாட்டு உருவாக்க மென்பொருளில் உருவாக்கி வருகிறோம். உடல்நிலை, சுவாச உருளையில் எஞ்சியிருக்கும் காற்று, தலைவிளக்கின் பேட்டரி, போக வேண்டிய வழி ஆகிய நான்கையும் ஆடுபவர் எப்போதும் கவனத்தில் வைத்திருக்க வேண்டும். இப்போதைக்கு முதல் மூன்றையும் திரையின் இடது கீழ் மூலையில் பட்டைகளாகவும், வழியை வலது மேல் மூலையில் மினிமேப் என்ற சிறு வரைபடமாகவும் காட்டுகிறோம். இப்படித் திரையில் நிற்கும் குறிகளையே நிலைக்காட்டிகள் என்கிறேன்.

ஆடிப் பார்த்தவர்களில் பெரும்பாலோர் மினிமேப்பின் மீதே கண்ணைப் பதித்து நடக்கிறார்கள். சுரங்கத்தின் சுவர்களையும் மரத் தாங்கல்களையும் எவ்வளவு அக்கறையோடு வரைந்திருந்தாலும் அவை அவர்கள் பார்வைக்கு வருவதே இல்லை, அச்சமும் எழவில்லை. 2008-இல் வெளிவந்த டெட் ஸ்பேஸில் மூலைகளில் ஒன்றுமே வைக்காமல், நாயகனின் முதுகெலும்பை ஒட்டி ஓடும் ஒளிக்கோட்டிலேயே உயிரின் அளவைக் காட்டியிருப்பார்கள். அதைப் போல எங்கள் விளையாட்டிலும் எல்லாவற்றையும் எடுத்துவிட வேண்டும் என்பது என் விருப்பம். ஆனால் எதனால் இறந்தோம் என்றே புரியாத ஆட்டக்காரர் விளையாட்டை மூடிவிட்டுப் போய்விடுவார் என்று நண்பர்கள் அஞ்சுகிறார்கள். எதை வைத்துக்கொள்வது, எதை நீக்குவது என்பதற்கு அளவுகோல் ஏதேனும் உண்டா?

வெள்ளோட்டம் (பதில்)

டெட் ஸ்பேஸில் அந்த உத்தி பலித்ததற்கு முதற்காரணம் கேமரா. அது நாயகன் ஐசக் கிளார்க்கின் தோளுக்குப் பின்னால் நிற்பதால் அவருடைய முதுகு எந்நேரமும் ஆட்டக்காரரின் கண்முன்னேயே இருக்கிறது. சண்டையின் நடுவிலும் பார்வையை வேறெங்கும் திருப்ப வேண்டியதில்லை. துப்பாக்கியை உயர்த்திக் குறிபார்க்கும்போது எஞ்சிய குண்டுகளின் எண்ணிக்கை அதன் மேலேயே ஒளிர்கிறது. பொருட்பட்டியலைத் திறந்தால் அது அவர் முன்னால் ஒளிப்படமாக விரிகிறது, அந்நேரத்தில் ஆட்டம் நின்றுவிடுவதும் இல்லை. அங்கே எந்தத் தகவலும் நீக்கப்படவில்லை என்பதை நீங்கள் கவனிக்க வேண்டும். மூலையில் இருந்தவை உடலுக்கும் ஆயுதத்துக்கும் இடம் மாறியிருக்கின்றன, அவ்வளவுதான். ஆகவே நீக்கலாமா என்பதைவிட, ஒவ்வொரு தகவலும் மூலையை விட்டுக் கிளம்பினால் எங்கே போய்த் தங்கும் என்பதே உங்கள் குழு விவாதிக்க வேண்டியது.

உங்கள் விளையாட்டில் முதுகு தெரியாது. கைகளும், கைகள் பற்றியிருக்கும் பொருளும், முகத்துக்கு முன்னுள்ள முகமூடிக் கண்ணாடியும்தான் தெரியும். எனவே உங்களுக்கு நெருக்கமான முன்மாதிரி 2010-இல் வந்த மெட்ரோ 2033. அதில் முகமூடியின் வடிகட்டி இன்னும் எவ்வளவு நேரம் தாங்கும் என்பதை மணிக்கட்டில் கட்டியிருக்கும் கடிகாரம் சொல்லும். அடி வாங்கினால் முகமூடியின் கண்ணாடி விரிசல் விடும். காற்று தீரத்தீர மூச்சுத் திணறல் காதில் கேட்கும். கடிகாரத்தைப் பார்ப்பதும் நாயகன் செய்யும் ஒரு செயலாகிவிடுவதால், தகவலைத் தேடும் அந்த ஒரு நொடிகூடப் பதற்றத்தின் பகுதியாகிறது. 2008-இல் வந்த ஃபார் க்ரை 2 வழிக்கு இதையே செய்தது: வரைபடத்தைக் கையில் விரித்துப் பிடித்துப் பார்க்க வேண்டும், அதற்காக எதிரிகள் காத்திருக்க மாட்டார்கள்.

அளவுகோல் கேட்டிருந்தீர்கள். அந்தத் தகவலைக் கொண்டு ஆட்டக்காரர் என்ன முடிவெடுக்கிறார், அதை எந்தத் தருணத்தில் எடுக்கிறார் என்று பாருங்கள். பேட்டரிக்குத் தனிக் குறி தேவையே இல்லை. வெளிச்சமே மங்கி, மஞ்சளாகி, விட்டுவிட்டு எரிந்தால் அதைவிடத் தெளிவான அறிவிப்பு வேறில்லை. காற்று எவ்வளவு மிச்சம் என்பது, இந்தக் கிளைச்சுரங்கத்துக்குள் நுழையலாமா திரும்பிவிடலாமா என்று நின்று யோசிக்கும்போது வேண்டியது. ஆகையால் கையை உயர்த்திப் பார்க்கும் அளவுமானி போதும். ஓடும்போதோ தாக்கப்படும்போதோ வேண்டிய தகவலாக இருந்தால் மட்டும் அது பார்வையின் மையத்துக்கு அருகில் இருந்தாக வேண்டும். நம் கண்ணின் கூர்மையான பார்வை நடுவில் ஏறத்தாழ 2 பாகை அகலத்துக்கு மட்டுமே உள்ளது. ஓரப்பார்வைக்கு அசைவும் பளிச்சிடலும் தெரியுமே தவிர எழுத்தும் எண்ணும் தெரியாது. சண்டையின் நடுவே மூலையில் இருக்கும் எண்ணை யாரும் படிப்பதில்லை.

நிலைக்காட்டி இருந்தாலே அச்சம் போய்விடும் என்பதையும் நான் ஏற்கவில்லை. 1993-இன் டூம் விளையாட்டில் 320க்கு 200 புள்ளிகள் கொண்ட திரையின் கீழ்ப்பகுதியில் 32 வரிகளை நிலைப்பட்டை எடுத்துக்கொண்டது. ஆனால் அதன் நடுவிலிருந்த முகம், உயிர் குறையக்குறைய இரத்தம் வழிந்து, அடி எந்தப் பக்கத்திலிருந்து விழுந்ததோ அந்தப் பக்கம் திரும்பிப் பார்க்கும். ஒரு சிறு படம் உடல்நிலையையும் ஆபத்தின் திசையையும் சேர்த்தே சொல்லிவிட்டது. எத்தனை விளையாட்டுகள் வந்த பின்னும் அதை மிகச் சிறந்த நிலைக்காட்டிகளில் ஒன்றாகவே கருதுகிறேன்.

கரிசல்மண் (பதில்)

விளையாட்டு வடிவமைப்பு என் துறை அல்ல. நிலத்தடிச் சுரங்கங்களில் பணியாற்றியவன் என்ற முறையில் சொல்கிறேன். உங்களுக்கு வேண்டிய நிலைக்காட்டி 200 ஆண்டுகளுக்கு மேலாகச் சுரங்கத்திலேயே இருக்கிறது. ஹம்ஃப்ரி டேவி 1815-இல் வடிவமைத்த பாதுகாப்பு விளக்கின் வழிவந்த சுடர் விளக்குகள் வெளிச்சத்துக்கு மட்டும் பயன்பட்டவை அல்ல. காற்றைச் சோதிக்கும் கருவிகளும் அவையே. மீத்தேன் கலந்த காற்றில் சுடரின் தலையில் வெளிர்நீலத் தொப்பி போன்ற ஓர் ஒளி தோன்றும். மீத்தேன் கூடக்கூட அது உயரும். பிராணவாயு குறைந்தால் சுடர் சுருங்கி மங்கும்; வழக்கமான 21 விழுக்காட்டிலிருந்து ஏறத்தாழ 16 விழுக்காடு அளவுக்கு இறங்கினால் அணைந்தேவிடும்.

மீத்தேன் காற்றைவிட இலேசானது, ஆகவே கூரையை ஒட்டித் தேங்கும். கரியமில வாயு மிகுந்த கெட்ட காற்று தரையை ஒட்டிப் படியும். அதனால் விளக்கை மெல்ல மேலே தூக்கியும், தாழ்த்தியும் சோதிப்பார்கள். ஆட்டக்காரர் விளக்கைத் தம் கையால் தூக்கியும் தாழ்த்தியும் சுடரைப் படிக்கும்படி நீங்கள் அமைத்தால், சுற்றியுள்ள காற்றின் நிலைக்கென்று ஒரு பட்டையும் தேவைப்படாது.

வழிக்கும் சுரங்கத்திலேயே குறிகள் உண்டு. தள்ளுவண்டித் தண்டவாளங்கள் கிளைகளிலிருந்து பிரதான பாதைக்கும், அங்கிருந்து மேலும் கீழும் போய்வரும் இறங்குகுழிக்கும் கொண்டுசெல்லும். விசிறிகள் நின்றுபோன சுரங்கத்திலும், வாயில்களின் உயர வேறுபாட்டாலும் உள்ளும் புறமும் வெப்பநிலை மாறுபடுவதாலும் காற்றோட்டம் இருக்கக்கூடும். குளிர்ந்த நல்ல காற்று எதிரே வீசும் திசையில் நடந்தால் அது உள்ளே வருகிற வாயிலை அடையலாம். விளக்கொளியில் தூசு எந்தப் பக்கம் நகர்கிறது என்று காட்டினாலே ஆடுபவர் இதைக் கற்றுக்கொள்வார்.

தும்பைப்பூ (பதில்)

மேலே சொன்னவை எல்லாம் அழகானவை. ஆயினும் எனக்குச் செவித்திறன் மிகக் குறைவு என்பதால் மாற்றுக் கருத்து ஒன்றைப் பதிவு செய்ய விரும்புகிறேன். மூச்சுத் திணறலை ஒலியால் மட்டும் சொன்னால், காற்று தீர்ந்து விழுகிற வரையில் எனக்கு ஒன்றுமே தெரியாது. 2005-இல் வெளிவந்த கிங் காங் விளையாட்டில் திரையைத் துப்புரவாக வைப்பதற்காக, எஞ்சிய குண்டுகளின் அளவை நாயகனே வாய்விட்டுச் சொல்லும்படி செய்தார்கள். அந்த உத்தியை எல்லோரும் பாராட்டிப் பேசுவதைப் படிக்கும்போதெல்லாம், காது கேளாதவரை அங்கே யாரும் நினைத்துப் பார்க்கவில்லையே என்ற வருத்தம் எனக்கு எழுகிறது.

மாறாக, ஃபோர்ட்நைட்டில் ஒலிகளைக் காட்சியாக்கும் அமைப்பை இயக்கினால், காலடியும் துப்பாக்கி ஒலியும் எத்திசையிலிருந்து வருகின்றன என்பது திரையின் நடுவைச் சுற்றிக் குறிகளாகத் தெரியும். பப்ஜி மொபைலில் அதே செய்தி மினிமேப்பின் மேல் காலடித்தடமாகவும் துப்பாக்கிக் குறியாகவும் வரும். நீங்கள் தூக்கியெறிய நினைக்கும் அந்த மினிமேப்தான் என்னைப் போன்றவர்களை மற்றவர்களுக்கு இணையாக ஆட வைத்தது.

நிறத்தை மட்டும் நம்பவும் வேண்டாம். ஐரோப்பிய வம்சாவளி ஆண்களில் ஏறத்தாழ 12 பேரில் ஒருவருக்குச் சிவப்பையும் பச்சையையும் பிரித்தறிவதில் குறைபாடு உண்டு. டெட் ஸ்பேஸின் கோடு நிறம் மாறுவதோடு நீளமும் குறைவதால் தப்பித்துக்கொள்கிறது. சுடரின் நீலத் தொப்பிக்கும் உயரம் என்ற இரண்டாவது அடையாளம் இருப்பதால் அது நல்ல தேர்வு. எழுத்துகள் எங்கேனும் இருந்தால் பெரிதாக வையுங்கள். 2006-இல் டெட் ரைசிங் வந்தபோது, பழைய தொலைக்காட்சி வைத்திருந்தவர்களால் அதன் சிறிய எழுத்துகளைப் படிக்கவே முடியவில்லை. 2020-இன் தி லாஸ்ட் ஆஃப் அஸ் பார்ட் 2-இல் பார்வை, செவி, உடல் குறைபாடு உள்ளவர்களும் ஆட உதவும் அணுகல் அமைப்புகள் 60-க்கும் மேல் இருந்தன. மூவர் கொண்ட குழுவிடம் அவ்வளவு எதிர்பார்க்க முடியாதுதான். பட்டைகளை விரும்பியவர் மீண்டும் கொண்டுவர ஒரு தெரிவும், அவற்றின் அளவைப் பெரிதாக்க ஒரு தெரிவும் தந்தாலே எங்களுக்குப் பேருதவி.

ஏழாம்படி (பதில்)

தும்பைப்பூ அவர்கள் கேட்பது நியாயம். அந்தத் தெரிவை அமைக்கும்போது ஒன்றை நினைவில் கொள்ளுங்கள்: பட்டைகள் இல்லாத வடிவத்தை முதலில் முழுமையாக உருவாக்கி, பிறகு அதன் மேல் பட்டைகளைச் சேருங்கள். தலைகீழாகச் செய்தால் என்ன ஆகும் என்பதற்கு எல்டர் ஸ்க்ரோல்ஸ் விளையாட்டு வரிசையே சான்று. 2002-இன் மாரோவிண்டில், எந்தப் பாலத்தைத் தாண்டி எந்தப் பாறைக்கு இடப்புறம் திரும்ப வேண்டும் என்று ஊர் மக்கள் சொல்வார்கள், அது குறிப்பேட்டில் பதிவாகும். 2006-இன் ஆப்லிவியனில் திசைகாட்டியில் இலக்குக் குறி வந்ததும் அப்படி வழி சொல்ல வேண்டிய கட்டாயம் இல்லாமல் போயிற்று. 2011-இன் ஸ்கைரிமில் அந்தக் குறியை மறைத்துவிட்டு ஆட முயன்றால் பல இடங்களில் வழியறிய வேறு எந்தத் துணையும் கிடைப்பதில்லை.

நிலவறை

அனைவருக்கும் மனமார்ந்த நன்றி. சுடர் விளக்கை உறுதியாகச் சேர்க்கப் போகிறோம். பட்டைகளைத் தெரிவாக வைப்பதற்கும் நண்பர்கள் உடன்பட்டுவிட்டார்கள். உடல்நிலை ஒன்றுதான் இன்னும் தீரவில்லை. அடிபட்டதும் திரையின் ஓரங்களைச் சிவக்க வைத்தால் போதுமா? எங்கள் விளையாட்டில் காயம் தானாக ஆறாது. மருந்துப் பெட்டியைத் தேடிப் பயன்படுத்த வேண்டும்.

வெள்ளோட்டம்

காயம் தானாக ஆறாது என்பதே விடையைத் தீர்மானித்துவிடுகிறது. ஓரங்கள் சிவக்கும் முறை 2005-இன் கால் ஆஃப் டியூட்டி 2 போன்ற விளையாட்டுகளில் சரியாக வேலை செய்கிறது, ஏனெனில் அங்கே சற்று நேரம் மறைந்திருந்தால் உயிர் திரும்பிவிடும். உடனே மறைந்துகொள் என்ற ஒரே செய்தியைச் சொன்னால் போதும். உங்கள் ஆட்டக்காரரோ அமைதியான நேரத்தில், இருக்கும் ஒரு மருந்தை இப்போது பயன்படுத்தலாமா, அடுத்த கட்டத்துக்கு வைத்திருக்கலாமா என்று கணக்குப் போடுகிறவர். அவருக்கு அளவு தெரிந்தாக வேண்டும். சிவப்பை நிரந்தரமாக வைத்தால் சுரங்கத்தின் இருட்டும் சுவர்களும் மறைந்து, நீங்கள் தொடங்கிய சிக்கலுக்கே திரும்புவீர்கள்.

1998-இல் வந்த ரெசிடெண்ட் ஈவில் 2 இதை இரண்டு படியாகப் பிரித்தது. காயம்பட்டவர் விலாவைப் பிடித்துக்கொண்டு நொண்டி நடப்பார், அது பொதுவான எச்சரிக்கை. துல்லியம் வேண்டுமானால் பொருட்பட்டியலைத் திறந்து, இதயத்துடிப்பு வரைகோட்டின் நிறத்தையும் அருகிலுள்ள சொல்லையும் பார்க்கலாம். நீங்களும் அப்படியே செய்யலாம். நடையின் ஆட்டத்தையும் கைகளின் நடுக்கத்தையும் எச்சரிக்கையாக வையுங்கள். நடுக்கம் மிகையாக இருந்தால் சிலருக்குக் குமட்டல் வரும் என்பதால் அதைக் குறைக்கும் தெரிவும் இருக்கட்டும். அளவை அறிய, காற்றுமானியைப் பார்க்க உயர்த்தும் அதே கையில் காயக்கட்டு ஒன்றை வரைந்து, உயிர் குறையக்குறைய அதில் இரத்தக் கறை முழங்கையை நோக்கிப் பரவும்படி செய்யுங்கள். கறை நிறத்தால் மட்டும் அல்லாமல் நீளத்தாலும் அளவைச் சொல்வதால் தும்பைப்பூ அவர்கள் எழுப்பிய சிக்கலும் வராது.

தெரிவாக வைக்கும் பட்டைகளைத் திரையின் விளிம்பில் ஒட்டி வைக்காமல் சற்று உள்ளே தள்ளி வையுங்கள். சில தொலைக்காட்சிகள் இன்னமும் ஓரங்களை வெட்டிக் காட்டுகின்றன. பளிச்சென்ற வெள்ளையில் அசையாமல் நிற்கும் வடிவங்கள் ஓஎல்இடி திரைகளில் தடம் பதித்துவிடக்கூடும் என்பதால், அளவு மாறும்போது மட்டும் தோன்றிச் சற்று நேரத்தில் மங்கும்படி அமைப்பது நல்லது. எப்போதும் தெரிய வேண்டும் என்று கேட்பவருக்கு அதையும் ஒரு தெரிவாகக் கொடுங்கள்.