ஜோசஃப் கே எல்பியில் பாடகர் குரல் எங்கேயோ தூரத்தில் கேட்கிறது. ஊசியா, தட்டா?

மாம்பலம் கிடாரு:

பழைய ஆங்கிலத் தட்டு வாங்குகிறவர்கள் இங்கே நாலு பேராவது இருப்பீர்கள் என்று நம்பிக் கேட்கிறேன். மூர் மார்க்கெட் பக்கம் ஒருவரிடம் எல்பி கட்டு ஒன்றைப் புரட்டிக்கொண்டிருந்தபோது டி.எம்.எஸ். பக்திப் பாடலுக்கும் போனி எம்முக்கும் நடுவில் ஜோசஃப் கே என்ற ராக் குழுவின் 'தி ஒன்லி ஃபன் இன் டவுன்' கிடைத்தது. விலையைச் சொன்னால் அடிக்க வருவீர்கள், விட்டுவிடுகிறேன். காலேஜில் ஃப்ரான்ஸ் ஃபெர்டினாண்ட் என்ற ராக் குழுவின் பைத்தியம் பிடித்து அலைந்த காலத்தில், இவர்களுக்கெல்லாம் முன்னோடி யார் என்று தேடிப்போய் இந்த எடின்பரோ ஆட்களின் சில பாட்டுகளை டவுன்லோட் செய்து கேட்டிருக்கிறேன், அப்புறம் வேலை, வீடு, இஎம்ஐ என்று போனதில் பேண்டின் பெயரே மறந்துவிட்டது. இப்போது தட்டில் போட்டதும் மறுபடி அதே பைத்தியம். இரண்டு கிடாரும் ஒன்றையொன்று முந்திக்கொண்டு ஓடுகின்றன, டிரம்ஸ்காரர் மூச்சு விடுவதாகவே தெரியவில்லை.

பிரச்சினை என்னவென்றால், பாடகர் பக்கத்து ஃபிளாட்டில் நின்று பாடுகிற மாதிரி இருக்கிறது. பேஸ் கிடார் சுத்தமாகக் காணோம். டர்ன்டேபிள் பழசு, ஊசியைத் தாங்கும் கார்ட்ரிட்ஜை இப்போதுதான் மாற்றினேன். ஊசி கோளாறா, தட்டு தேய்ந்துவிட்டதா, இல்லை ரெக்கார்டிங்கே இப்படியா? இது 1981-இல் வந்த அசல் பிரதியா என்று எப்படிப் பார்ப்பது? அட்டையில் வெள்ளை வெள்ளையாகப் பூஞ்சை வேறு இருக்கிறது.

பழைய தட்டு:

ஊசிக்கும் ஒன்றுமில்லை, தட்டுக்கும் ஒன்றுமில்லை தம்பி. அந்த ஆல்பமே அப்படித்தான்.

கதை கொஞ்சம் பெரிது. 1977 மே மாதம் தி கிளாஷ் குழு எடின்பரோவின் பிளேஹவுஸ் அரங்கில் வாசித்தபோது கூடவே சப்வே செக்ட் என்ற குழுவும் வந்தது. டிஸ்டார்ஷன் போட்டு உறுமாமல், ட்ரெபிளை ஏற்றிக் கரகரவென்று வாசித்த அந்தக் கிடாரைக் கேட்ட ஊர்ப் பையன்கள் சிலர் அதையே பிடித்துக்கொண்டார்கள். பால் ஹெய்க், மால்கம் ராஸ் இருவரும் கிடார், டேவிட் வெடல் பேஸ், ரோனி டாரன்ஸ் டிரம்ஸ். காஃப்கா நாவலின் நாயகன் பெயரை வைத்துக்கொண்டு, கோட் சூட் போட்டுக்கொண்டு மேடையேறினார்கள். கிளாஸ்கோவில் ஆலன் ஹார்ன் தன் ஃபிளாட்டிலிருந்து நடத்திய போஸ்ட்கார்டு ரெக்கார்ட்ஸ் என்ற தட்டு கம்பெனிதான் இவர்களை வெளியிட்டது. ஆரஞ்சு ஜூஸ் என்ற குழுவும் அங்கேதான்.

இவர்கள் முதலில் ஒழுங்கான ஸ்டுடியோவில் ஒரு ஆல்பம் முழுக்கப் பதிவு செய்தார்கள், 'சாரி ஃபார் லாஃபிங்' என்று பெயர். டெஸ்ட் பிரஸ்ஸிங், அதாவது சோதனைப் பிரதி அடிப்பது வரைக்கும் போன பிறகு, ரொம்ப மழமழவென்று இருக்கிறது, மேடையில் நாங்கள் இப்படியா இருக்கிறோம் என்று சொல்லி மொத்தத்தையும் தூக்கிப் போட்டுவிட்டார்கள். காசே இல்லாத கம்பெனியில் இந்த வேலை செய்யத் தைரியம் வேண்டும். அப்புறம் பிரஸ்ஸல்ஸ் போய்ச் சில நாள்களில் அவசரமாகப் பதிவு செய்ததுதான் உங்கள் கையில் இருப்பது. கிடார் முன்னால், குரல் பின்னால், வேண்டுமென்றே. 1981 ஜூலையில் ஆல்பம் வந்தது, கொஞ்ச நாளில் பேண்டும் கலைந்தது. போஸ்ட்கார்டு அந்தக் காலத்தில் வெளியிட்ட ஒரே எல்பி இதுதான். ஈக்குவலைசரைத் தொடாமல் கேளுங்கள்.

உப்புக்காத்து:

பழைய தட்டு சார் சொன்ன வரலாறு சரி. ஆனால் பேஸே இல்லை என்கிறாரே, அது எங்கேயோ இடிக்கிறது என்று எடுத்துக்கொள்ள வேண்டும். அந்த ஆல்பத்தில் குரல் அமுங்கியிருக்கும்தான், ஆனால் வெடலின் பேஸ் தாராளமாகக் கேட்கும்.

கார்ட்ரிட்ஜ் மாற்றியதாகச் சொல்கிறீர்கள் இல்லையா, அது மாட்டியிருக்கும் ஹெட்ஷெல்லைக் கழற்றிப் பின்னால் பாருங்கள். தலைமுடி மாதிரி நாலு ஒயர் இருக்கும். சிவப்பும் பச்சையும் வலது சேனல், வெள்ளையும் நீலமும் இடது. சிவப்பு, வெள்ளை இரண்டும் பிளஸ். ஒரு பக்கம் மட்டும் பிளஸ் மைனஸ் மாறியிருந்தால் ஒரு ஸ்பீக்கர் முன்னால் தள்ளும்போது இன்னொன்று பின்னால் இழுக்கும், இரண்டு சேனலிலும் சமமாகப் பதிவான விஷயம் ஒன்றையொன்று தின்றுவிடும். நடுவில் இருப்பது என்ன? குரலும் பேஸும்தான். நன்றாகப் பழகிய ஒரு எஸ்.பி.பி. தட்டைப் போட்டுப் பாருங்கள். அவரும் சுவரெல்லாம் பரவிக்கிடந்தால் ஒயர்தான்.

பூஞ்சை விஷயம். பெசன்ட் நகரில் இருந்துகொண்டு தட்டு சேர்க்கிறவள் என்பதால் இதில் எனக்குப் பட்டறிவு ஜாஸ்தி. உள்ளே இருக்கும் வெள்ளைத் தாள் உறையில் எதுவும் அச்சாகவில்லை என்றால் முதலில் அதைத் தூக்கிப் போடுங்கள், பூஞ்சை அங்கேதான் குடியிருக்கும். டிஸ்டில்டு வாட்டரில் பாத்திரம் தேய்க்கும் லிக்விட் இரண்டு சொட்டு, மென்மையான துணி, பள்ளத்தின் போக்கிலேயே துடைக்க வேண்டும், குறுக்கே தேய்க்கக் கூடாது. லேபிள் நனையக் கூடாது. பிறகு வெறும் டிஸ்டில்டு வாட்டரில் இன்னொரு முறை துடைத்து ஃபேன் காற்றில் நிமிர்த்திவைத்துக் காயவிடுங்கள். மெட்ரோ வாட்டர், போர் தண்ணீர் எதுவும் வேண்டாம், உப்பு பள்ளத்திலேயே தங்கிவிடும். அட்டையை வெயிலில் காட்டினால் வளைந்துவிடும், காய்ந்த துணியால் துடைத்துக் காற்றாட வைத்தால் போதும். ஐப்பசி, கார்த்திகையில் அலமாரிக்குள் சிலிக்கா ஜெல் பைகளைப் போட்டுவையுங்கள்.

அசலா என்று பார்க்க: பார்கோடு இருந்தால் பின்னால் வந்த மறுபதிப்பு, அதில் சந்தேகமே வேண்டாம். அசலின் எண் போஸ்ட்கார்டு 81-7. கடைசிப் பாட்டுக்கும் லேபிளுக்கும் நடுவில் வெறுமையாக இருக்கும் வளையத்தில் கீறியோ அச்சடித்தோ இருக்கும் எழுத்தை டார்ச்சைச் சாய்த்துப் பிடித்துப் படியுங்கள். அதே எண் அங்கேயும் இருக்க வேண்டும்.

கரகர:

எல்லோரும் அந்த பிரஸ்ஸல்ஸ் மிக்ஸுக்கு இப்படிக் காவடி எடுப்பது ஏன் என்று எனக்குப் புரிந்ததே இல்லை. தூக்கிப் போட்ட 'சாரி ஃபார் லாஃபிங்' பிறகு சிடியாக வெளிவந்துவிட்டது, இரண்டையும் அடுத்தடுத்துக் கேளுங்கள். அதில் பால் ஹெய்க் பாடும் சொல் காதில் விழுகிறது, பாட்டு பாட்டாக நிற்கிறது. அந்தப் பெயரிலுள்ள பாட்டையே 1985-இல் ப்ரொபகாண்டா என்ற ஜெர்மன் குழு பளபளவென்று பாடி வெளியிட்டார்கள், அது தாங்கியதே, பாட்டின் எலும்பு அவ்வளவு பலம். அவசரமாகப் பதிவு செய்வதுதான் நேர்மை என்பது இருபது வயதுப் பையன்களுக்கு வரும் நினைப்பு, அதை நாம் அறுபது வயதிலும் தூக்கிச் சுமக்க வேண்டுமா?

மாம்பலம் கிடாரு:

உப்புக்காத்து அக்கா, கும்பிடுகிறேன். வெள்ளையும் நீலமும் மாறித்தான் இருந்தது. ரிச்சி தெருவில் கார்ட்ரிட்ஜ் மாட்டிக் கொடுத்தவர் கைவேலை. சின்ன ட்வீசரால் மாற்றிப் போட்டேன், பாலு சார் நேராக இரண்டு ஸ்பீக்கருக்கும் நடுவில் வந்து நின்றுவிட்டார். ஜோசஃப் கே-யில் பேஸ் வந்துவிட்டது, 'சாரி ஃபார் லாஃபிங்' பாட்டை இத்தனை நாள் பாதிதான் கேட்டிருக்கிறேன் போல. ஆனால் குரல் இப்போதும் கிடாருக்குப் பின்னால்தான். பார்கோடு இல்லை, 81-7 இருக்கிறது. அடுத்து என்ன கேட்கலாம்?

பழைய தட்டு:

குரல் இப்போதும் பின்னால்தான் இருக்கிறது என்கிறீர்கள். அதைத்தான் நான் முதலிலேயே சொன்னேன். கரகர, உங்கள் சிடியும் என்னிடம் இருக்கிறது, நல்ல ஆல்பம்தான், ஆனால் அதைக் கேட்டு யாரும் கிடார் வாங்கக் கடைக்கு ஓடமாட்டார்கள்.

அடுத்து ஃபயர் இன்ஜின்ஸ் என்ற குழுவைக் கேளுங்கள் தம்பி. அதே ஊர், ஆயுள் ஒன்றரை வருஷம் இருக்கலாம், மேடையில் ஏறினால் இருபது நிமிஷத்தில் இறங்கிவிடுவார்கள். 'லூப்ரிகேட் யுவர் லிவிங் ரூம்' 1981-இல் பிளாஸ்டிக் கேரி பேக்கில் போட்டு விற்கப்பட்டது, பெரும்பாலும் பாட்டே கிடையாது, கிடார்தான். உங்கள் ஃப்ரான்ஸ் ஃபெர்டினாண்ட் 2004-இல் இவர்களோடு சேர்ந்து, அவர்கள் பாட்டை இவர்களும் இவர்கள் பாட்டை அவர்களுமாக மாற்றிப் பாடி ஒரு சிங்கிள் போட்டார்கள். அப்புறம் ஸ்கார்ஸ் குழுவின் 'ஆத்தர்! ஆத்தர்!', அதே 1981. ஆரஞ்சு ஜூஸ் கடைசியில். ஜோசஃப் கே கலைந்ததும் மால்கம் ராஸ் அங்கேதான் போய்ச் சேர்ந்தார், ஆனால் அது வேறு மனநிலை, கொஞ்சம் காதல், கொஞ்சம் அசடு. தட்டாகத்தான் வேண்டும் என்று வெளிநாட்டிலிருந்து வரவழைத்தால் கஸ்டம்ஸ் டூட்டியையும் சேர்த்துக் கணக்குப் போட்டுக்கொள்ளுங்கள், தட்டு விலையைவிடத் தபால் செலவு கூடிவிடும். ஸ்கார்ஸ் மட்டும் என்னிடம் ஒரு பிரதி அதிகம் இருக்கிறது, அட்டை கிழிசல். ஞாயிற்றுக்கிழமை மயிலாப்பூர் பக்கம் வந்தால் கேட்டுப் பார்த்து எடுத்துக்கொள்ளலாம்.

கரகர:

அந்த ஸ்கார்ஸை எனக்குத் தருவதாக இரண்டு வருஷமாகச் சொல்லிக்கொண்டிருக்கிறீர்கள்.