சிஸ்டம் 3 ஏர்கானில் ஒரு அறை மட்டும் குளிரவில்லை, 457 வெள்ளி 80 காசு கேட்கிறார்கள்: கொடுக்கலாமா?

பொங்கோல்_வீடு

எல்லாருக்கும் வணக்கம். எங்களுடையது சிங்கப்பூர் பொங்கோலில் ஒரு மூவறை வீவக (வீடமைப்பு வளர்ச்சிக் கழக) வீடு. சாவி வாங்கிய புதிதிலேயே, ஆறு வருடத்துக்கு முன்னால், சிஸ்டம் 3 ஏர்கான் போட்டோம். வெளியே ஒரு கண்டென்சர். உள்ளே ஹாலுக்கு 18,000 பிடியு (குளிரூட்டும் திறனின் அளவு), இரண்டு படுக்கையறைக்கும் தலா 9,000.

மூன்று மாதமாகச் சின்ன அறை மட்டும் சரியாகக் குளிர்வதில்லை. அந்த அறையில்தான் அம்மா படுக்கிறார். நள்ளிரவில் வேர்த்துப்போய் எழுந்து உட்கார்ந்துவிடுகிறார். இரண்டு வாரத்துக்கு முன்னால் உள் யூனிட்டில் பனிக்கட்டி பிடித்து, சுவர் வழியே தண்ணீரும் இறங்கியது. பெரிய அறையும் ஹாலும் எப்போதும் போலக் குளிர்கின்றன.

வருடம் நாலு முறை வந்து சுத்தம் செய்யும் ஒப்பந்தம் வைத்திருக்கிறோம், 240 வெள்ளி. அவர்களையே கூப்பிட்டேன். பதினைந்து நிமிடம் பார்த்தார்கள். வெளி யூனிட்டில் அழுத்தம் பார்க்கும் கேஜை மாட்டிவிட்டு, "கேஸ் குறைந்துவிட்டது, பனி பிடித்ததே அதற்கு அடையாளம்" என்றார்கள். குறைந்த கேஸை நிரப்பும் டாப்பப் 150, மூன்று யூனிட்டுக்கும் ரசாயனம் போட்டுக் கழுவும் கெமிக்கல் வாஷ் தலா 90. மொத்தம் 420, ஒன்பது விழுக்காடு ஜிஎஸ்டியோடு 457.80.

கொடுத்துவிடுவோம் என்கிறார் மனைவி. எனக்கு மனம் வரவில்லை. அனுபவம் உள்ளவர்கள் சொல்லுங்கள்.

ஈசூன்_அண்ணன்

தம்பி, கொடுத்துவிடுங்கள். இதில் கணக்குப் பார்க்காதீர்கள்.

நான் பார்த்தேன். 2021இல் இதே மாதிரி ஒரு அறை முதலில் போனது. "இன்னும் கொஞ்ச நாள் ஓட்டலாம்" என்று விட்டேன். நாலே மாதத்தில் கம்ப்ரசர் நின்றுவிட்டது. கம்ப்ரசரை மட்டும் மாற்றுவதற்குக் கேட்ட விலைக்குப் புது செட்டே போடலாம் போலிருந்தது. கடைசியில் 3,800 வெள்ளி கொடுத்துப் புதிது போட்டேன். அந்த மாதம் மகளின் போலிடெக்னிக் கட்டணத்துக்கு என் தம்பியிடம் கைமாற்று வாங்க வேண்டியதாயிற்று.

இன்னொன்றும் சொல்கிறேன். இரண்டு பேர் வேனில் வந்து இறங்கி, ஏணி போட்டு, எட்டாவது மாடி லெட்ஜில் கையை நீட்டி வேலை செய்கிறார்கள். ஆள் கூலி, வேன், பார்க்கிங், ஈஆர்பி சாலைக் கட்டணம் எல்லாம் அந்த 457க்குள்தான் வருகிறது. நாம் 50 வெள்ளி குறைக்கச் சொன்னால் அவர்கள் வேலையில் குறைப்பார்கள். அதனால்தான் இந்த ஊரில் 20 வெள்ளிக்கு யூனிட் கழுவுகிறேன் என்று ஆள் வருகிறார்கள், வந்து ஃபில்டரைக் குழாயில் காட்டிவிட்டுப் போகிறார்கள்.

கேஜ்_மாட்டுபவன்

நான் இதே தொழிலில் 16 வருடமாக இருக்கிறேன். அண்ணன் கூலியைப் பற்றிச் சொன்னது அத்தனையும் உண்மை. ஆனால் கொடுக்கச் சொன்னது தவறு.

ஏர்கான் கேஸ் என்பது பெட்ரோல் மாதிரி எரிந்து தீரும் பொருள் இல்லை. மூடிய செம்புக் குழாய்க்குள் அதே கேஸ்தான் வருடக்கணக்காகச் சுற்றிச் சுற்றி வருகிறது. குறைந்திருந்தால் எங்கோ ஒழுகுகிறது என்று அர்த்தம். ஒழுகும் இடத்தைக் காட்டாமல் டாப்பப் போட்டால் அந்த 150 வெள்ளியும் அதே ஓட்டை வழியாகப் போய்விடும்.

அதைவிட முக்கியம், உங்கள் வீட்டில் மூன்று யூனிட்டுக்கும் கம்ப்ரசர் ஒன்றுதான். கேஸ் குறைந்தால் மூன்று அறையும் பாதிக்கப்பட வேண்டும். தூரத்து அறையில் முதலில் தெரியும், அது சரி. ஆனால் மூன்று மாதமாக மற்ற இரண்டும் அப்படியே இருக்காது. ஒரு அறை மட்டும் என்றால் நான் முதலில் அந்த அறையைத்தான் திறந்து பார்ப்பேன்.

பனி பிடிப்பதற்கு முக்கியக் காரணம் இரண்டு. கேஸ் குறைந்தால் காயிலில் (அறைக் காற்றைக் குளிர்விக்கும் குழாய்ச்சுருளில்) அழுத்தம் இறங்கி, வெப்பநிலை சுழியத்துக்குக் கீழே போய், காற்றில் உள்ள ஈரம் உறைகிறது. காற்றோட்டம் குறைந்தாலும் அதே கதைதான். காயிலுக்குப் போதுமான வெப்பம் வந்து சேராததால் அதுவும் உறைகிறது. நம் ஊர்க் காற்றில் உள்ள ஈரத்துக்குக் கேட்கவே வேண்டாம். பனியை மட்டும் பார்த்துவிட்டு எது காரணம் என்று யாராலும் சொல்ல முடியாது.

கேஜைப் பற்றியும் சொல்ல வேண்டும். உங்களுடையது இன்வர்ட்டர் என்றால் கம்ப்ரசர் வேகம் தேவைக்கு ஏற்ப ஏறி இறங்கும், அதோடு அழுத்தமும் மாறும். ஒரு நிமிடம் மாட்டிப் பார்த்த எண்ணை வைத்துக் கேஸ் குறைவு என்று முடிவு செய்ய முடியாது. உறுதியாகத் தெரிய வேண்டுமானால் உள்ளே இருப்பதை வெளியே எடுத்துத் தராசில் எடை போட வேண்டும். எத்தனை கிலோ இருக்க வேண்டும் என்று கண்டென்சரில் ஒட்டிய தகட்டிலேயே எழுதியிருக்கும். அவர்கள் தராசு கொண்டு வந்தார்களா?

பொங்கோல்_வீடு

தராசு எதையும் பார்க்கவில்லை. கேஜ் மட்டும்தான். இன்வர்ட்டர்தான்.

தோபாயோ_அக்கா

தம்பி கேஜ், நீங்கள் சொல்வது புத்தகத்துக்குச் சரி. வீட்டுக்குச் சரியா?

என் ஏர்கானுக்கு 12 வயது. குழாய் முழுவதும் ஃபால்ஸ் சீலிங்குக்கு மேலே போகிறது. மூன்று வருடமாக வருடத்துக்கு ஒரு தடவை டாப்பப் போடுகிறேன், 120 வெள்ளி. ஒழுகும் இடத்தைக் கண்டுபிடிக்க ஒருவரைக் கேட்டேன். சீலிங்கை வெட்டி, குழாயில் நைட்ரஜன் ஏற்றிச் சோதித்து, ஓட்டையை அடைத்து, திரும்பப் பூசுவதற்கு 900 ஆகும் என்றார். அதுவும் கிடைத்தால்தான் உண்டு, கிடைக்காவிட்டாலும் 900 போனது போனதுதான். அந்தப் பணத்தில் ஏழு வருடம் டாப்பப் போடலாம். இந்த செட் ஏழு வருடம் வரப்போவதில்லை.

டாப்பப் போடுகிற எல்லாரும் ஏமாந்தவர்கள் என்று பேசாதீர்கள். நான் கணக்குப் போட்டுத்தான் செய்கிறேன்.

ஈசூன்_அண்ணன்

அக்கா சொல்வதுதான் எனக்கும். வீட்டில் வயதானவர் வேர்த்து எழுந்து உட்காருகிறார். முதலில் அவர் தூங்க வேண்டும். தராசு, தகடு எல்லாம் அப்புறம் பார்க்கலாம்.

கேஜ்_மாட்டுபவன்

அக்கா, ஏமாந்தீர்கள் என்று நான் சொல்லவில்லை. ஆனால் உங்கள் கணக்கில் இரண்டு செலவு விட்டுப்போயிருக்கிறது.

முதலாவது மின்சாரம். கேஸ் குறையக் குறைய அதே குளிருக்குக் கம்ப்ரசர் நீண்ட நேரம் ஓட வேண்டும். ஒரு யூனிட் மின்சாரத்துக்கு 30 காசு அளவில் கட்டுகிறோம். டாப்பப் போடுவதற்கு முந்தைய மூன்று நாலு மாத பில்லையும் போட்ட பிந்தைய மாதங்களின் பில்லையும் பக்கத்தில் வைத்துப் பாருங்கள்.

இரண்டாவது கம்ப்ரசர். சுற்றி வரும் கேஸ்தான் கம்ப்ரசரின் மோட்டாரையே குளிர்விக்கிறது. அது குறைந்தால் மோட்டார் சூட்டிலேயே ஓடும். ஈசூன் அண்ணனின் கம்ப்ரசர் எதனால் போனது என்று எனக்குத் தெரியாது, ஆனால் நான் கழற்றிய பல கம்ப்ரசர்கள் இப்படிப் போனவைதான்.

அப்புறம் ஒன்று, இது பணக் கணக்கு இல்லை, என் மனதில் உறுத்துவது. 12 வருட செட் என்றால் பெரும்பாலும் ஆர்410ஏ கேஸ். பூமியைச் சூடாக்குவதில் அது கரியமில வாயுவைப் போல 2,088 மடங்கு. அரைக் கிலோ ஒழுகினால் ஒரு டன் கரியமில வாயுவை விட்டதற்குச் சமம். அதனால்தான் 2022 அக்டோபர் முதல் தேதியிலிருந்து 750 மடங்குக்கு மேல் உள்ள கேஸில் ஓடும் வீட்டு ஏர்கான்களைக் கடைக்குக் கொண்டுவரத் தேசியச் சுற்றுப்புற வாரியம் தடை போட்டது. இப்போது வருபவை ஆர்32, அது 675. ஒவ்வொரு வருடமும் அதே வீட்டில் அதே ஓட்டைக்கு கேஸ் ஊற்றிவிட்டு லிஃப்டில் இறங்கும்போது எனக்கு நிம்மதியாக இருப்பதில்லை.

பால்கனித்_தோட்டம்

நடுவில் புகுவதற்கு மன்னிக்கவும். யாரும் கேட்காத ஒரு விஷயம். உள்ளே மூன்று யூனிட்டையும் கூட்டினால் 36,000 பிடியு. வெளியே உள்ள கண்டென்சர் எத்தனை? எங்கள் வீட்டில் உள்ளே இதே 36,000, வெளியே 28,000தான். விற்கும்போது யாரும் சொல்லவில்லை. மூன்றும் ஒரே நேரத்தில் முழு வேகத்தில் ஓடினால் எல்லாருக்கும் பங்கு குறையும். எங்கள் வீட்டில் மேற்கு வெயில் படுகிற அறைதான் எப்போதும் தோற்கும்.

அதனால் ஒரு இரவு ஹாலையும் பெரிய அறையையும் அணைத்துவிட்டு அம்மாவின் அறையை மட்டும் ஓட விடுங்கள். அப்போது குளிர்ந்தால் பெரும்பாலும் பழுது இல்லை, பங்கீட்டுப் பிரச்சினைதான். வெப்பமானி ஒன்று வாங்கி, உள்ளே இழுக்கும் காற்றையும் வெளியே விடும் காற்றையும் அளந்து பாருங்கள். 8 முதல் 12 பாகை வித்தியாசம் இருக்க வேண்டும்.

கேஜ்_மாட்டுபவன்

நல்ல யோசனை. அளக்கும்போது காற்று எப்படி வருகிறது என்றும் கையை வைத்துப் பாருங்கள். பலமாக வந்து குளிர் இல்லையென்றால் ஒரு பழுது, பலமே இல்லாமல் வந்தால் வேறு. பலமாக வந்தும் குளிரவில்லை என்றால் அந்த அறைக்குப் போகும் கேஸின் அளவைக் கட்டுப்படுத்தும் எக்ஸ்பேன்ஷன் வால்வைச் சந்தேகப்படுவேன். உங்கள் மாதிரி செட்டில் ஒவ்வொரு அறைக்கும் தனித்தனி வால்வு வெளி யூனிட்டுக்குள் இருக்கும். அது சிக்கிக்கொண்டால் அந்த ஒரு அறைக்கு மட்டும் கேஸ் போகாது.

டார்ச் அடித்து, காற்று வெளியே வரும் வாய்க்குள்ளும் பாருங்கள். மெயின் சுவிட்சை அணைத்துவிட்டுப் பாருங்கள்.

ஈசூன்_அண்ணன்

வீட்டுக்காரர் வெப்பமானி வாங்க வேண்டும், டார்ச் அடிக்க வேண்டும், இரவெல்லாம் சோதிக்க வேண்டும். பிறகு 240 வெள்ளி ஒப்பந்தம் எதற்கு? இதைக் கண்டுபிடிப்பது அவர்கள் வேலை இல்லையா?

கேஜ்_மாட்டுபவன்

அவர்கள் வேலைதான் அண்ணே. அதைத்தான் நானும் சொல்கிறேன். கண்டுபிடிக்காமலேயே 457 கேட்கிறார்கள். கண்டுபிடிப்பதற்கு ஒரு மணி நேரக் கூலியாக 80 வெள்ளி கேட்டிருந்தால் கொடுங்கள் என்று நானே சொல்லியிருப்பேன்.

பொங்கோல்_வீடு

மூன்று நாள் கழித்து எழுதுகிறேன்.

முதல் இரவு மற்ற இரண்டையும் அணைத்துவிட்டோம். மகன் ஹாலில் மின்விசிறி வைத்துப் படித்தான். அம்மாவின் அறையில் மாற்றமே இல்லை. அளந்தேன்: உள்ளே போகும் காற்று 29, வெளியே வருவது 24. ஐந்து பாகைதான். பெரிய அறையில் 11 பாகை வித்தியாசம் வந்தது. அதனால் பங்கீடு இல்லை, கேஸும் இல்லை என்று தோன்றியது.

காற்றும் மிக மெதுவாகத்தான் வந்தது. சுவிட்சை அணைத்து டார்ச் அடித்துப் பார்த்தேன். உள்ளே சுழலும் புளோவர் வீலின் ஒவ்வொரு இதழிலும் கருப்பாகப் பிசுபிசுத்த அழுக்கு, விரல் நகக் கனத்துக்கு. அம்மா தினமும் அந்த அறையில்தான் சாமிக்கு விளக்கேற்றிச் சாம்பிராணி போடுகிறார். அது எனக்கு இதுவரை தோன்றவே இல்லை.

வேறு ஒருவரைக் கூப்பிட்டு அந்த ஒரு யூனிட்டை மட்டும் கழற்றிக் கெமிக்கல் வாஷ் செய்தேன். ஜிஎஸ்டியோடு 98.10. கேஸைத் தொடவில்லை. இப்போது வித்தியாசம் 11 பாகை. நேற்று அம்மா விடிகாலையில் போர்வை கேட்டார்.

ஈசூன்_அண்ணன்

அம்மா தூங்கினாரே, அது போதும். மனதார மகிழ்ச்சி.

ஆனால் ஒன்று கேட்கிறேன். வருடம் நாலு தடவை வந்தவர்கள் ஆறு வருடமாக அந்த வீலை ஏன் பார்க்கவில்லை? நான் முன்னால் சொன்ன 20 வெள்ளிக்காரர்களும் இவர்களும் ஒன்றுதானா? கூலி கொடுத்தால் வேலை நன்றாக நடக்கும் என்று நம்பித்தான் நான் பேசினேன்.

கேஜ்_மாட்டுபவன்

சாதாரண சர்வீஸில் ஃபில்டர், முகப்பு, வடிகால் குழாய், காயிலின் மேல்பக்கம், அவ்வளவுதான். புளோவர் வீலைக் கழற்றினால்தான் கழுவ முடியும், அது ஒப்பந்தத்தில் இருக்காது. ஒப்பந்தத் தாளில் எது எது என்று எழுதியிருக்கும், எடுத்துப் படியுங்கள். எழுதியதைக்கூடச் செய்யவில்லை என்றால் கேளுங்கள். புகை போடும் அறைக்கு வருடத்துக்கு ஒரு கெமிக்கல் வாஷ், மற்ற அறைகளுக்கு இரண்டு மூன்று வருடத்துக்கு ஒன்று, இடையில் இரண்டு வாரத்துக்கு ஒரு முறை நீங்களே ஃபில்டரைக் கழுவினால், என் கணக்கில் நாலு தடவை ஒப்பந்தம் தேவையில்லை. இரண்டு தடவை போதும்.

ஈசூன்_அண்ணன்

அதை நான் ஒத்துக்கொள்ள மாட்டேன். ஃபில்டரை இரண்டு வாரத்துக்கு ஒரு முறை கழுவுகிற வீடு எத்தனை வீடு? என்னால் முடிந்ததில்லை. இடுப்பு வலியோடு நாற்காலியில் ஏறவும் என்னால் ஆகாது. எனக்கு நாலு தடவை ஆள் வர வேண்டும். வந்தால் வீலையும் காட்டச் சொல்வேன், அவ்வளவுதான்.

தோபாயோ_அக்கா

பழைய பில்களை எடுத்துப் பார்த்தேன். டாப்பப் போடுவதற்கு முந்தைய மூன்று மாதமும் போட்ட பிறகு வந்த மூன்று மாதமும். மாதம் 25லிருந்து 30 வெள்ளி வரை வித்தியாசம் இருக்கிறது. வெயில் காலமும் கலந்திருக்கலாம், முழுவதும் கேஸ்தான் என்று சொல்ல மாட்டேன். இருந்தாலும் இதை நான் கணக்கில் சேர்த்ததே இல்லை.

சீலிங்கை வெட்டும் எண்ணம் இப்போதும் இல்லை. ஆனால் அடுத்த டாப்பப் போடுவதற்கு முன்னால் யோசிக்கிறேன். 2024இல் வீவக வீடுகளுக்குக் கொடுத்த 300 வெள்ளி பருவநிலைப் பற்றுச்சீட்டில் இன்னும் கை வைக்கவில்லை. மின்சாரம் மிச்சப்படுத்தும் ஐந்து டிக் முத்திரை ஏர்கானுக்கு அதைப் பயன்படுத்தலாம் என்கிறார்கள். தம்பி கேஜ், புது செட் போட்டால் பழைய செம்புக் குழாயையே வைத்துக்கொள்ளலாமா?

கேஜ்_மாட்டுபவன்

வேண்டாம் அக்கா. ஓட்டை அந்தக் குழாயில்தான் இருக்கிறதோ என்னவோ. புதுக் குழாயைச் சீலிங்குக்கு மேலே கொண்டுபோகாமல் வெளியே தெரியும்படி ட்ரங்கிங்கில் (குழாயை மூடும் உறையில்) போடச் சொல்லுங்கள். பார்வைக்குக் கொஞ்சம் அழகு குறையும், ஆனால் அடுத்த முறை ஒழுகினால் மூடியைத் திறந்து சோப்புத் தண்ணீர் தடவிப் பத்து நிமிடத்தில் பார்த்துவிடலாம். கண்டென்சர் தகட்டைப் படம் எடுத்துப் போடுங்கள், எத்தனை பிடியு வேண்டும் என்று சேர்ந்து பார்ப்போம்.